குறத்திக்குப் பத்து நிமிடம்



பொங்கல் முடிந்த கையோடு நம் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா சீசன் ஆரம்பித்துவிடும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மிஸ்ஸிடமிருந்து மெசேஜ் வரும். உங்கள் மகள் குறத்தி டான்ஸில் இருக்கிறாள், டிரெஸ் வாடகை இவ்வளவு, பாசிமணியும் கூடையும் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று இருக்கும். பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, அம்மா அந்த மெசேஜை இரண்டு தடவை படிப்பார். யார் வீட்டில் கூடை இருக்கிறது, யார் தென்காசி போகிறார்கள் என்று விசாரணை தொடங்கும். ஆலங்குளத்தில் பெண் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் இது புதிதல்ல.

விழா அன்று எட்டுப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஒரு சினிமா பாட்டு ஓடும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முன்வரிசையில் நின்று எல்லோரும் செல்போனில் வீடியோ எடுப்போம். அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. பிள்ளை மேடையேறினால் பெற்ற மனசு குளிரத்தான் செய்யும். ஆனால், அந்த வேஷத்துக்கெல்லாம் மூத்தவளாக ஒரு குறத்தி நமக்கு இங்கேயே, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறாள். முந்நூறு வருஷமாக இருக்கிறாள். அவளைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசுகிறோம்? அவள் மேடையேறிய கதையை இந்த மாதம் சொல்கிறேன். கதையோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ் ஏறினால் வழியில் மேலகரம் வரும். சீசன் நேரத்தில் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோருக்கும் மெயின் அருவியில் தண்ணீர் எப்படி, ஐந்தருவியில் கூட்டம் எப்படி என்பதுதான் கவலை. மேலகரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஊர்க்காரர்தான் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதியதுதான் திருக்குற்றாலக் குறவஞ்சி. அப்போது மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பாட்டுப் புத்தகத்தின் பெயரில் வயல் இருக்கிற ஊர் நம்முடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உங்களுக்கும் இருக்கட்டும்.

கதை பெரிய கதை அல்ல. குற்றாலநாதர் வீதி உலா வருகிறார். பந்து விளையாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைப் பார்த்துவிடுகிறாள், மனசைப் பறிகொடுத்துவிடுகிறாள். நிலாவையும் மன்மதனையும் திட்டிக்கொண்டு தூக்கமில்லாமல் கிடக்கிறாள். தோழியைத் தூது அனுப்புகிறாள். அந்த நேரத்தில் கூடையும் மாத்திரைக்கோலுமாக வந்து சேர்கிறாள் நம் குறத்தி. அவள் பெயர் சிங்கி. வந்ததும் குறி சொல்லிவிடுவாளா? மாட்டாள். முதலில் தன் மலையின் பெருமை. பிறகு நாட்டின் பெருமை. பிறகு தான் குறி சொல்லிப் பரிசு வாங்கிய ஊர்களின் பட்டியல். அதற்கப்புறம்தான் தரையை மெழுகச் சொல்லி, பிள்ளையாரை வைக்கச் சொல்லி, வசந்தவல்லியின் இடது கையை எடுத்துப் பார்க்கிறாள். உன் மனசில் இருப்பவர் குற்றாலநாதர்தான் என்று போட்டு உடைக்கிறாள். கை நிறைய நகை கிடைக்கிறது.

இன்னொரு பக்கம் அவள் புருஷன் சிங்கன், நூவன் என்கிற கூட்டாளியோடு பறவை பிடிக்கக் கண்ணி வைத்துக்கொண்டிருக்கிறான். நம் சுற்றுவட்டார வயல்களும் குளங்களும் அந்தப் பகுதியில் வரிசையாக வருகின்றன. பறவைகள் பறந்துபோகின்றன, இவன் புத்தியும் கூடவே பறந்துபோகிறது. பெண்டாட்டியைக் காணோம் என்று ஊர் ஊராகத் தேடுகிறான். கடைசியில் கண்டுபிடித்தால், உடம்பெல்லாம் நகையோடு நிற்கிறாள். சந்தேகம் வராதா?

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். கட்டியக்காரன், குற்றாலநாதர், உலா பார்க்க ஓடி வரும் பெண்கள், வசந்தவல்லி, தோழி, சிங்கி, சிங்கன், நூவன். இதை மேடையேற்ற எத்தனை பேர் வேண்டும்? பாட்டுக்காரர், மத்தளக்காரர் தனி. அந்தக் காலத்துக் கோயில்களில் அந்த வசதி இருந்தது. கோயிலுக்கென்று ஆடும் பெண்கள் இருந்தார்கள், நட்டுவனார்கள் இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபோஜி மன்னரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் எழுதிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் திருவிழாவில் ஆண்டுதோறும் ஆடினார்கள். புதுக்கோட்டைச் சீமையில் விராலிமலை முருகன் கோயிலில் அந்த ஊருக்கென்றே ஒரு குறவஞ்சி. ஊருக்கு ஒரு குறவஞ்சி இருந்த காலம் அது. ஆனால் படிப்பதற்கென்று இன்றும் கையில் எடுப்பது நம் குற்றாலக் குறவஞ்சியைத்தான். இதை ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. மற்றவற்றை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கோயில் மேடை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓய்ந்தது. 1947ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்துச் சட்டம் வந்தது. பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமை நின்றது, அது நின்றே ஆகவேண்டியது. ஆனால் அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த பாட்டும் ஆட்டமும் போக்கிடம் இல்லாமல் நின்றதும் உண்மை. குழு கலைந்தது. சிலர் மேடையை மறந்தார்கள், சிலர் மறந்ததுபோல் இருந்துகொண்டார்கள்.

விராலிமலையில் ஒருவர் மறக்கவில்லை. ஆர். முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்டவர். அந்தக் கோயிலில் ஆடிய 32 பெண்களில் ஒருவர். மற்றவர்கள் போனபிறகு, அந்த ஊர்ச் சதிராட்டமும் குறவஞ்சியும் அவர் ஒருவர் உடம்பில்தான் தங்கியிருந்தன. இன்றைய மேடையில் ஆடுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். முத்துக்கண்ணம்மாளின் வழி அப்படி இல்லை. தானே பாடுவார், பாடிக்கொண்டே ஆடுவார். வயதாகி மூச்சு வாங்கும் காலத்திலும் அவர் உட்கார்ந்த இடத்தில் கையை எடுத்தால் குறத்தி வந்து நிற்பாள். 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கூட்டமாக ஆடிய ஒரு கலை, ஆள் இல்லாமல் ஒற்றை ஆளின் கலையாகிப் போனது. பத்மஸ்ரீ கொடுத்தால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடுமா? எனக்குத் தோன்றவில்லை.

நம் குறவஞ்சிக்கு வேறு வழி கிடைத்தது. 1944ல் ருக்மிணி தேவி சென்னையில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். அடையாற்றில் அவர் 1936ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகம் அதுதான். இசை அமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார். ராமாயணத்தையும் பாகவதத்தையும் வரிசையாக நாடகமாக்கிய ஒரு நிறுவனம், பிள்ளையார் சுழி போட்டது மேலகரத்துக் கவிராயரை வைத்து. அது அழகான படைப்பு, சந்தேகமில்லை. ஆனால் என் ரசனையைக் கேட்டால், அந்த நறுவிசான மேடையில் வசந்தவல்லி சௌக்கியமாக இருந்துவிடுவாள். சிங்கிக்குக் கொஞ்சம் புழுதி வேண்டும்.

அதன் பிறகு குறவஞ்சி துண்டு துண்டாகத் தனி நடனத்துக்குள் வந்தது. ஒருவர் பந்தாட்டத்தை மட்டும் எடுத்து ஆடுவார். இன்னொருவர் நிலாவைத் திட்டும் பகுதியை எடுப்பார். குறத்தி மலைவளம் சொல்லும் பகுதியை ஆடாத நாட்டியப் பள்ளி நம் நாட்டில் குறைவு. இன்றைக்குச் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் நம் பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு குற்றால மலையை ஆடிக்காட்டுகிறார்கள். குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் எட்டுப் பேர் வரிசையில் சினிமா பாட்டுக்கு ஆடுகிறார்கள். கொஞ்சம் வேடிக்கைதான், இல்லையா?

இவ்வளவு பாத்திரங்களை ஒரே ஆள் எப்படித் தாங்குவது என்று கேட்கலாம். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாக மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் பாருங்கள். நம் கவிராயர் வாழ்ந்த அதே நூற்றாண்டில் குஞ்சன் நம்பியார் அங்கே ஓட்டந்துள்ளலை உண்டாக்கினார். ஒரு பாட்டுக் கதை, ஒரே ஒரு ஆட்டக்காரர், பின்பாட்டுக்கும் தாளத்துக்கும் இரண்டு பேர். அவரே ராஜா, அவரே வேலைக்காரன், நடுவில் ஊர்ப் பெரிய மனிதரையும் கிண்டல் செய்துவிட்டுப் போவார். இன்னும் வடக்கே சத்தீஸ்கரில் தீஜன் பாய் பாண்டவானி பாடினார். மகாபாரதம் முழுக்க அவர் ஒருவர்தான். கையில் இருக்கும் தம்பூராவைத் தோளில் சாய்த்தால் அது பீமனின் கதாயுதம், நீட்டினால் அர்ச்சுனனின் வில். பெண்கள் நின்றுகொண்டு பாண்டவானி பாடக்கூடாது என்று சொன்ன சமூகத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு 2019ல் பத்மவிபூஷண் கிடைத்தது.

அவ்வளவு தூரம் ஏன்? குற்றாலத்திலேயே ஒரு தனி ஆள் மேடை நடந்திருக்கிறது. மேடைகூட இல்லை, வீட்டுத் திண்ணை என்று சொல்லலாம். ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தில் குற்றாலத்தில்தான் வாழ்ந்தார். 1954ல் அங்கேதான் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு இலையில் சாப்பாடு, பிறகு காதுக்குப் பாட்டு. ஒரு பாடலைச் சொல்லி, நிறுத்தி, கையை ஆட்டி, மறுபடி சொல்லி, அதற்குள் இருக்கும் ஆள் எழுந்து நடக்கும் வரை விடமாட்டார் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேஷம் இல்லை, சலங்கை இல்லை, லைட் இல்லை. பாட்டும் ஒரு மனிதரும் மட்டும்.

நம் குறவஞ்சியில் ஒரு இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் இடம். நகையே பார்த்தறியாதவன் அவன். அவள் காலில் ஏதோ சுருண்டு கிடப்பது தெரிகிறது. இது என்ன ஜந்து என்று பதறுகிறான். அவள் அலட்டிக்கொள்ளாமல் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே குறி சொல்லியதற்குக் கிடைத்த சிலம்பு என்கிறாள். அடுத்து கொஞ்சம் மேலே பார்க்கிறான், அடுத்த கேள்வி. அவளிடம் அடுத்த ஊர், அடுத்த நகை. இப்படியே காலிலிருந்து தலைவரைக்கும் போகிறது. சந்தேகப்படும் புருஷன் கேள்வி கேட்கிறான், சம்பாதித்து வந்த பெண்டாட்டி கணக்குச் சொல்கிறாள்.

ஆடுபவர் ஒருவரே என்றால் இதை எப்படிச் செய்வார்? சிங்கனுக்கு முதுகைக் கொஞ்சம் வளைத்து, வலது பக்கம் திரும்பி, கண்ணைத் தரைக்குத் தாழ்த்துவார். சிங்கிக்கு இடது பக்கம் திரும்பி, இடுப்பில் கூடையை அணைத்துக்கொண்டு, தாடையை ஒரு விரற்கடை தூக்குவார். அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை மாறி மாறி வந்தபிறகு நமக்கே பழகிவிடும், தோள் அசைவதற்குள் யார் பேசப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் நடித்தால் அது சண்டைக் காட்சியாகத்தான் இருக்கும். ஒரே ஆள் நடிக்கும்போது, சந்தேகமும் பதிலும் ஒரே முகத்தில் வந்து போகும்போது, வேறு ஏதோ நடக்கிறது. நம் வீடுகளில் வாரச் சம்பளத்தோடு பீடிக் கம்பெனியிலிருந்து திரும்பி வரும் எத்தனையோ அக்காமார்களுக்கு இந்தக் கேள்விகளும் தெரியும், இந்தப் பதில்களும் தெரியும். பள்ளித் தமிழ்ப் பாடத்தில்கூட இந்தப் பகுதி இடம்பெற்றிருக்கிறது. ஐந்து மார்க் கேள்வியாகப் போய்விட்டது, அதுதான் வருத்தம்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசியாக வேண்டும். நம் பிள்ளைக்கு நாம் போட்டுவிடும் அந்தக் குறத்தி வேஷம் யாருடையது? வாடகைக் கடையில் கொடுக்கும் பாசிமணியும் பாவாடையும் பெரும்பாலும் நரிக்குறவர் மக்களைப் பார்த்துத் தைத்தவை. அவர்கள் வேறு. அவர்களுடைய வாக்ரி பேச்சே தனி. மலையில் வாழ்ந்த குறவர்கள் வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, மேலே கொஞ்சம் லிப்ஸ்டிக் பூசி மேடைக்கு அனுப்பிவிடுகிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, குறவர்கள் உட்பட எத்தனையோ மக்களைப் பிறப்பாலேயே திருடர்கள் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். அதன் வடு இன்னும் ஆறவில்லை. திருவிழா மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடந்த ஆபாசத்தை எதிர்த்து அந்தச் சமூகத்தார் நீதிமன்றம் வரை போனார்கள். 2023ல் தமிழக அரசு அந்த ஆட்டத்தைக் கிராமியக் கலைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. செய்யவேண்டிய காரியம்தான்.

அப்படியென்றால் குறவஞ்சியையும் மூடி வைத்துவிட வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. கவிராயரின் சிங்கியை ஒருமுறை படித்துப் பாருங்கள். அவள் கையேந்தி வந்தவள் அல்ல. மலை என்னுடையது, காடு என்னுடையது, என் வித்தை தெரியாத ஊர் கிடையாது என்று நிமிர்ந்து நின்று பேசுகிறாள். பெரிய வீட்டுப் பெண் படுத்துக் கிடக்கிறாள், இவள்தான் அவளுக்குத் தைரியம் சொல்கிறாள். அந்தச் சிங்கியைச் சரியாக மேடையேற்றினால் யாரையும் கிண்டல் செய்ததாகாது. அவளைக் கிண்டலாக மாற்றியது பின்னால் வந்த மேடை. சில இடங்களில் அந்தக் காலத்துப் பார்வை கவிராயரிடமும் உண்டு, சிங்கனைக் கொஞ்சம் கோமாளியாக்கித்தான் வைத்திருக்கிறார். அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே நடத்தலாம். நம் பிள்ளைகளுக்கு அது புரியாதா என்ன?

இனி என் வேண்டுகோள்.

இந்த வருஷம் ஆண்டு விழாவில் எட்டுப் பேர் ஆடும் டான்ஸ் இருக்கட்டும். கூடவே பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரே ஒரு பிள்ளையிடம் குறவஞ்சியைக் கொடுக்கச் சொல்லி உங்கள் பள்ளியில் கேளுங்கள். பெண் பிள்ளைதான் வேண்டும் என்பதில்லை, பையன் என்றாலும் சரி. மலைவளம் நாலைந்து நிமிடம், சிங்கன் சிங்கி பேச்சு மீதி நேரம். டிரெஸ் வாடகை வேண்டாம். வீட்டில் இருக்கும் சேலை, இடுப்புக்கு ஒரு ஓலைக்கூடை, கையில் ஒரு கம்பு. பாசிமணி அவசியம் இல்லை, முகத்தில் கறுப்பு பூசுவது கூடவே கூடாது. பாட்டு வராத பிள்ளை என்றால் பேச்சாகச் சொல்லட்டும். கவிராயரின் சந்தம் பேச்சிலேயே ஆடும்.

புத்தகம் கிடைக்காது என்று சொல்லவேண்டாம். புலியூர்க் கேசிகன் எளிய உரையோடு போட்ட பதிப்பு இருக்கிறது. நூலகத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அர்த்தம் புரியாத இடத்தில் பாட்டியைக் கேளுங்கள். அருவியையும் குரங்கையும் பலாவையும் பற்றி உரையாசிரியருக்குத் தெரியாதது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

தமிழாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டி என்றால் ஒப்புவித்தல் போட்டி வைக்கிறீர்கள். பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள், நாம் கைதட்டுகிறோம், பேனா பரிசு கொடுக்கிறோம். ஒரு தடவை ஒப்புவித்தலை விட்டுவிட்டு, நடித்துச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்குள் சிங்கி இருக்கிறாள் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். கடைசி பெஞ்சில்தான் இருப்பாள் என்பது என் ஊகம்.

குற்றாலத்தில் சாரல் விழா நடத்துபவர்களிடமும் கேட்கத் தோன்றுகிறது. பல ஊர்க் கலைகள் அந்த மேடைக்கு வருகின்றன, வரட்டும். அந்த மலையைப் பாடிய நூலுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஒரு மாலைப் பொழுது, உள்ளூர்ப் பிள்ளைகளைக் கொண்டே ஒதுக்கினால் நன்றாக இருக்கும். செலவும் குறைவு. ஆள் ஒருவர் போதும் என்கிறபோது பயணப்படி என்ன வந்துவிடப் போகிறது?

உங்கள் பள்ளியிலோ தெருவிலோ அப்படி ஒரு பத்து நிமிடம் நடந்தால் எங்களுக்கு எழுதுங்கள். போட்டோ அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை எந்தப் பகுதியை எடுத்தது, கூட்டம் எங்கே சிரித்தது, யார் வீட்டுக் கூடை என்று எழுதினால் போதும். வருவதை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்